தொடாத கை

பதினோராவது கையிலும் தழும்பு இருந்தது.

அம்சவள்ளி பார்வையைத் தரைக்கு இறக்கினாள். பந்தலுக்குக் கீழே பெண்கள் வட்டமாக நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி மாரில் அறைந்து அழுதுகொண்டிருந்தார்கள். கை மேலே போகும்போதெல்லாம் ரவிக்கையின் விளிம்பு ஏறியது. ரவிக்கை போடாத கிழவிகளிடம் அந்த மறைப்பும் இல்லை. இடது தோளுக்குக் கீழே இரண்டு வட்டத் தழும்புகள். எல்லாம் அப்பா அம்மை குத்தி வைத்தவை. அவர் நடுவில் பெஞ்சின் மேல் நெற்றிக் காசோடு கிடந்தார். பெற்ற மகள் விழுந்து அழ வேண்டிய நேரத்தில் கைகளை எண்ணிக்கொண்டு நிற்கிறாள். தன்னை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"என்னடி கல்லாட்டம் நிக்கிற?" பக்கத்தில் நின்ற அத்தை குஞ்சம்மாள் முழங்கையால் இடித்தாள். குன்னத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவள். அதற்குள் தொண்டை கட்டியிருந்தது. "வாய்விட்டு அழுதுடு. இல்லன்னா நெஞ்ச அடச்சிக்கும்."

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்னும் ஒரே ஒரு நாள் இருந்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்ற கோபம். செத்த மனிதரிடம் இப்படியா கோபிப்பார்கள் என்று இன்னொரு கோபம்.

நான்கு நாளைக்கு முன்னால் அவள் திருச்சியிலிருந்து வந்தது ஒரு கையெழுத்துக்காக. மூன்று வருஷ ஆராய்ச்சி. தட்டச்சு முடிந்து, பைண்டிங்கும் பேசியாகிவிட்டது. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். கடைசி நேரத்தில் பேராசிரியர் கிருஷ்ணமூர்த்திக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"எல்லாம் சரிம்மா. ஆனா ஆதாரம்னு நீ காட்டுறது ஒரு பழைய நோட்டு. சீல் இல்ல, ஒண்ணுமில்ல. தேர்வாளர் அதைத்தான் பிடிச்சுப்பார். அம்மை குத்தினவர் உயிரோடதானே இருக்கார்? எல்லாருக்கும் என் கையால போட்டேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா யாரும் வாயத் திறக்க முடியாது."

"எங்கப்பாதான் சார். ஒரு நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அந்த நோட்டு அப்பா உத்திராபதி 1962இல் இந்த ஊருக்குப் பெரியம்மைத் தடுப்பான அம்மைப்பால் வைத்தபோது எழுதியது. அரியலூருக்கும் செந்துறைக்கும் இடையில் இருக்கும் புளியங்குழியில் அப்போது எழுபத்து நான்கு வீடுகள், நானூற்றுப் பன்னிரண்டு பேர். வீடு வீடாகப் பெயர், வயது, தேதி. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் நீல மையில் ஒரு சரி. ஒரு பெயர்கூட விடுபடவில்லை. காக்கிப் பையும் ஐஸ் போட்ட பிளாஸ்க்குமாக சைக்கிளில் போன மனிதருக்கு அந்த நோட்டுதான் பட்டயம். பிள்ளைகளிடமும், சம்பந்திகளிடமும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும் அவர் சொல்வது ஒன்றுதான்: "இந்த ஊர்ல நான் தொடாத கை கெடையாது."

அம்சவள்ளி அந்த வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவள். கணிதம் படித்து, தொற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்பதைச் சமன்பாடுகளில் எழுதுகிற ஆராய்ச்சிக்குள் நுழைந்ததும் முதலில் அந்த நோட்டைத்தான் தேடி எடுத்தாள். முதல் வருஷம் பொங்கலுக்கு வந்தபோது அவருக்குப் புரியும்படி முற்றத்து மண்ணில் மூன்று கட்டம் போட்டுக் காட்டினாள்.

"இது இன்னும் அம்மை வராதவங்க. இது வந்து கெடக்கிறவங்க. இது வந்து போனவங்க. இவங்களுக்குத் திரும்ப வராது. ஒரு கட்டத்திலேருந்து அடுத்ததுக்கு ஒரு நாளைக்கு எத்தினி பேர் போறாங்கன்னு தெரிஞ்சா, ஊர்ல எப்ப ஏறும், எப்ப எறங்கும்னு கணக்குப் போட்டுச் சொல்லிடலாம்பா."

உத்திராபதி குந்தியபடி கட்டங்களைப் பார்த்தார். "அப்ப நான் ஆளைத் தூக்கி முதக் கட்டத்திலேருந்து நேரா மூணாவதுல வெச்சிருக்கேன். நடுக் கட்டத்தை மெதிக்காம."

"அதேதாம்பா!" அவள் கைதட்டினாள். அவர் முகம் அன்று மலர்ந்ததை அவள் வேறெப்போதும் பார்த்ததில்லை.

"சரி, ஒருத்தங்கிட்டேருந்து இன்னொருத்தனுக்கு எப்படிப் போவும்?"

"தொட்டுக்கிறதுல, பக்கத்துல பேசுறதுல. ஊர்ல எல்லாரும் எல்லாரையும் ஒரே மாதிரி தொட்டுப் பொழங்குறாங்கன்னு வெச்சிக்குவோம்."

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இளைப்பாகி, அம்மா வேம்பு தண்ணீர்ச் செம்போடு ஓடிவரும் அளவுக்கு.

"எந்த ஊருடி அது? அங்க எனக்கு ஒரு மாத்தல் வாங்கிக் குடேன்."

"கணக்குக்காக அப்படி வெச்சிக்கிறதுப்பா" என்றாள் எரிச்சலோடு. படிக்காத மனிதரிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது என்றுகூட அன்றைக்கு நினைத்தாள். அவர் என்னவோ எட்டாவது வரை படித்தவர்தான்.

கணக்கில் ஒரு முடிச்சு இருந்தது. அத்தனை பேருக்கும் பால் வைத்து பத்தே மாதத்தில், 1963 மாசியில், ஊருக்குள் பெரியம்மை வந்தது. இருபத்து மூன்று பேர் விழுந்தார்கள். ஆறு பேர் போனார்கள். அவர்களில் இருபத்திரண்டு பேர் நோட்டில் சரி போடப்பட்டவர்கள். இருபத்து மூன்றாவது, பிறகு பிறந்த ஒரு கைக்குழந்தை. மேலாபீஸிலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வெயிலில் சைக்கிளில் கொண்டு வந்ததில் பால் கெட்டிருக்கலாம், தவறு என்னுடையது என்று உத்திராபதி எழுதிக் கொடுத்தார். அந்த வருஷம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை.

புத்தகங்கள் அம்மைப்பாலின் காவல் வருஷக்கணக்கில் நிற்கும் என்றன. நோட்டு அப்படிச் சொல்லவில்லை. அம்சவள்ளி இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் மூன்றாவது கட்டத்திலிருந்து முதல் கட்டத்துக்குத் திரும்பிப் போகும் ஓர் அம்புக்குறியைப் போட்டாள். வெக்கை மிகுந்த வானம் பார்த்த பூமியில் எதிர்ப்புச் சக்தி சீக்கிரம் தேய்கிறது. பதினோரு மாதத்தில் பாதிப் பேருக்கு இல்லாமல் போகிறது. அந்த எண்ணைப் போட்டதும் சமன்பாடு இருபத்து மூன்றில் வந்து கச்சிதமாக நின்றது. கிருஷ்ணமூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "புத்தகத்தைத் தப்புன்னு சொல்ல ஒரு தைரியம் வேணும்மா. உனக்கு இருக்கு."

ஆய்வு முழுக்க அந்தப் பதினோரு மாதத்தின் மேல்தான் நின்றது. அந்த மெமோவையும் அப்பாவின் விளக்கத்தையும் பின்னிணைப்பில் சேர்த்திருந்தாள்.

அதற்குத்தான் ஒரு கையெழுத்து. ஒரு முழுத்தாளில் அவளே வாசகத்தை எழுதிக் கொண்டுவந்திருந்தாள்: "இந்நோட்டில் கண்ட அனைவருக்கும் என் கையாலேயே அம்மைப்பால் வைத்தேன் என உறுதி கூறுகிறேன்." கீழே கையெழுத்துக்கு இடம்.

முதல் நாள் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்றார். கண்ணாடி அவர் தலைமாட்டிலேயே இருந்தது. இரண்டாம் நாள் பேனா ஒழுகுகிறது என்றார். மூன்றாம் நாள் அஷ்டமி. பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒரு காரியமும் செய்திராத மனிதர். நான்காம் நாள், "சர்க்கார் உத்தியோகம் பாத்தவன் படிக்காம கையெழுத்துப் போடமாட்டான், படிச்சிட்டுத் தரேன்" என்று தாளை வாங்கிக்கொண்டார். ஒற்றை வரி, அதைப் படிக்க ஒரு பகல். மத்தியானம் அவர் பலகையை மடியில் வைத்து ஏதோ எழுதுவதைப் பார்த்துக் கிட்டப் போனாள். உடனே தாளைக் கவிழ்த்துக்கொண்டார். கை நடுங்குவதால் கையெழுத்துப் போட்டுப் பழகுகிறார் போலும் என்று எண்ணி விட்டுவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பொறுமை போய்விட்டது.

"காலையில ஆறு மணி பஸ்ஸுக்குப் போறேம்பா. குடுங்க."

"போடுறேன்டி. இன்னும் முடிக்கல."

"கையெழுத்துல முடிக்கிறதுக்கு என்ன இருக்கு? ஒரு கையெழுத்துப் போட உங்களுக்கு என்னதான் கேடு?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவளும் பேச்சை விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். விடியும்போது அம்மா தட்டி எழுப்பினாள். மூச்சு அவர் நெஞ்சுக்கூட்டுக்குள் விசில் அடித்துக்கொண்டிருந்தது. தம்பி செல்லப்பன் வண்டி பிடிக்க ஓடினான். செந்துறை ரோட்டில் அவனுக்கு வண்டி கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆறு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது இங்கே கேட்டது. கேடு என்று கேட்ட வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

"அக்கா." செல்லப்பன் வட்டத்துக்கு வெளியே நின்று கூப்பிட்டான். சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவன். அழுது முகம் வீங்கியிருந்தது. "மேலத்தெரு வைரக்கண்ணு வந்திருக்காரு. உன்னப் பாக்கணுமாம்."

மேலத்தெரு என்றால் நிலம் வைத்திருக்கும் குடியானவர் தெரு. காலனி அதற்குக் கிழக்கே, நடுவில் ஒரு களம் தள்ளி. வைரக்கண்ணு பந்தல் வரைக்கும் வரவில்லை. காலனி தொடங்கும் இடத்தில் புளியமரத்தடியில் நின்றார். செல்லப்பன் இரும்பு நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டு, டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் டீயும் வாங்கி வைத்திருந்தான். டம்ளர் நாற்காலிக்குப் பக்கத்தில் கல்லின் மேல் இருந்தது. அவர் கையில் ஒரு மாலை இருந்தது. அவளைக் கண்டதும் அதைச் செல்லப்பனிடம் நீட்டினார்.

"நீயே போட்டுரு தம்பி."

ஐம்பது வயது இருக்கும். முகம் முழுக்க அம்மைக் குழிகள். துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு அவளைப் பரிவோடுதான் பார்த்தார்.

"நீதான் திருச்சியில படிக்கிற புள்ளையா?"

"ஆமாங்க."

"உங்கப்பன் மாதிரி ஒருத்தனப் பாக்க முடியாதும்மா. சர்க்கார் வேலை பாத்தான், ஆனா ஒரு நாளும் மரியாதை தப்பினவன் கெடையாது. மத்த ஊர்லல்லாம் அம்மை குத்துறவன் வந்தா வூட்டுக்குள்ள பூந்து, புள்ளைங்கள இழுத்துப் போட்டுக் குத்துவானுங்க. உத்திராபதி அப்படியில்ல. வாசல்ல நிப்பான். பேரு என்ன, வயசு என்னன்னு கேப்பான். எழுதிக்கிட்டுப் போயிருவான். ஒரு கட்டாயம் கெடையாது."

அவள் முதலில் தலையை ஆட்டிக்கொண்டுதான் நின்றாள். துக்கத்துக்கு வந்தவர்கள் சொல்வதற்கெல்லாம் காலையிலிருந்து ஆட்டிய தலை. பிறகுதான் அந்த வார்த்தை உறைத்தது.

"எழுதிக்கிட்டு?"

"போயிருவான்."

"குத்தாமயா?"

"எங்கேருந்து குத்துறது? அதுக்குக் கையப் புடிக்கணுமில்ல?"

சாதாரணமாகச் சொன்னார். மழை பெய்தால் நனையும் என்று சொல்வதைப் போல.

"உங்க இடது கையைக் காட்டுங்க" என்றாள் அம்சவள்ளி.

"அக்கா!" செல்லப்பன் அவள் தோளைப் பிடித்தான்.

"காட்டுங்க."

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார் போல. கோபப்படாமல் துண்டை எடுத்துவிட்டுக் கையைத் திருப்பிக் காட்டினார். கறுத்து, வெயிலில் உரமேறிய கை. தோளிலிருந்து முழங்கை வரை அம்மைக் குழிகள் அங்கங்கே இருந்தன. அந்த இரண்டு வட்டங்கள் மட்டும் இல்லை.

"எங்க தெருவுல எங்க வயசுக்காரங்க ஒருத்தர் கையிலயும் பாக்க முடியாதும்மா. பின்னால ஜீப்புல வேற ஆளுங்க வந்தாங்க. அவங்ககிட்ட எங்க புள்ளைங்களுக்கு வெச்சிக்கிட்டோம்."

"அறுபத்து மூணு மாசியில உங்க வூட்டுல யாருக்கு வந்துச்சு?"

"எனக்கு வந்துச்சு. எந்தங்கச்சிக்கு வந்துச்சு." அவர் களத்துப் பக்கம் பார்த்தார். "எனக்கு எறங்கிப் போச்சு. அவளை ஆத்தா கூட்டிக்கிட்டா. பதினாறு வயசு."

"குத்தியிருந்தா இருந்திருப்பாங்க."

புளியமரத்தில் காக்கை ஒன்று கிளை மாறி உட்கார்ந்தது. பந்தலில் அழுகை ஏறி இறங்கியது. வைரக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

"அது அந்தக் காலம்மா."

"டீ குடிக்கலீங்களே" என்றான் செல்லப்பன்.

"இப்பத்தான் வூட்டுல குடிச்சிட்டு வந்தேன் தம்பி. எடுக்கிறப்ப ஆள் வேணும்னா சொல்லு, பண்ணையாளுங்கள அனுப்பி வைக்கிறேன்."

அவர் போன பிறகும் அம்சவள்ளி அங்கேயே நின்றாள். கணக்கு அவள் அனுமதி கேட்காமலே தலைக்குள் ஓடியது. மேலத்தெரு முப்பத்தெட்டு வீடு. அத்தனை பேரையும் மூன்றாவது கட்டத்திலிருந்து எடுத்து முதல் கட்டத்தில், இன்னும் வராதவர்களோடு, திருப்பி வைத்தால்? நோட்டில் அவர்கள் பெயர் இருந்த பக்கங்களை நினைவில் புரட்டினாள்; இருபத்திரண்டு பேரும் அந்தத் தெருக்காரர்கள். இருபத்திரண்டு பேருக்கும் பால் வைக்கப்படவே இல்லை. தேய்மானம் என்று ஒன்றும் கிடையாது. புத்தகம் சொன்னதுதான் சரி. அவள் புத்தகத்தைத் தப்பு என்றதுதான் தப்பு. மூன்று வருஷம், இருநூற்றுப் பத்துப் பக்கம், ஒரு அம்புக்குறி, எல்லாம் போயிற்று.

பால் கெடவில்லை. ஐஸ் உருகவில்லை. அப்பா கை பட்ட ஒருவருக்கும், ஒருவருக்குமே, அந்த மாசியில் அம்மை வரவில்லை. அவர் வேலை அத்தனை சுத்தமாக இருந்திருக்கிறது. அதைச் சொல்லிக்கொள்ள வழியில்லாமல், பால் கெட்டுவிட்டது, தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

தெருவாரியாக ஒரு தடவை பிரித்துப் போட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும். பிரித்தால் எண்கள் சின்னதாகிவிடும் என்று பேராசிரியர் சொன்னபோது அவளும் சட்டென்று தலையாட்டினாள். அவளுடைய காரணம் வேறு. கணக்கில் மேலத்தெரு, காலனி என்று எழுத வேண்டாம் என்று இருந்தது. எல்லோரும் எல்லோரையும் ஒரே மாதிரி தொடுகிற அந்த ஊரில் மூன்று வருஷம் சுகமாகத்தான் குடியிருந்திருக்கிறாள். அப்பாவுக்கு மட்டும் அங்கே மாற்றல் கிடைக்கவில்லை.

வேம்பு பெஞ்சின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈயை ஓட்டிக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள். அம்சவள்ளி பக்கத்தில் குந்தினாள்.

"அம்மா, மேலத்தெருவுல அப்பா யாருக்கும் குத்தலியா?"

வேம்புவின் கை நின்றது. பிறகு மறுபடி விசிறியது.

"யாரு சொன்னா?"

"வைரக்கண்ணு."

"அவனே சொல்லிட்டானா." குரலில் ஆச்சரியம் இல்லை. "மூணு நாளு போனாரு. ஊசிய விளக்குல காச்சி, வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு, சர்க்கார் பையை மாட்டிக்கிட்டு. சர்க்கார் பைக்கு வுடுவாங்கன்னு நெனச்சாரு. வெளியூர்ல, யாருன்னு தெரியாத எடத்துலல்லாம் உள்ள கூப்பிட்டு மோர் குடுத்தாங்க. சொந்த ஊர்லதான் படி ஏற வுடல."

"ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமில்ல?"

"என்னன்னு? என்னைத் தொட வுடலைன்னா? சொன்னா வேற ஆளப் போட்டுட்டு இவரை எங்கியாவது தூக்கியடிப்பாங்க. இல்லன்னா போலீசு வரும். அப்புறம் நாங்க அவங்க நெலத்துல எறங்க முடியுமா? சரி போட்டுட்டு வந்துட்டாரு."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லம்மா! மூணு வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கேன். எந்த வீடு, எந்தத் தேதின்னு. வாயே திறக்கல. நீயும் திறக்கல. எல்லாத்தையும் எழுதி முடிச்சிட்டேன் நான்!"

குரல் உயர்ந்துவிட்டது. வட்டத்திலிருந்து இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெண் ஒருவழியாக அழ ஆரம்பித்துவிட்டாள் என்று குஞ்சம்மாளுக்கு ஆறுதல்.

"எந்த அப்பன்டி பெத்த புள்ளைகிட்ட சொல்லுவான், என்னை வாசல்ல நிக்க வெச்சாங்கன்னு?" வேம்பு தாழ்ந்த குரலில் கேட்டாள். "நான் தொடாத கை இல்லைன்னு அவரு சொல்றப்பல்லாம் நீ வாயப் பொளந்துக்கிட்டுக் கேப்ப. உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்லுவாரு. இல்லைன்னு நான் எந்திரிச்சி சொல்லவா?"

அம்சவள்ளி பெஞ்சில் கிடந்தவரைப் பார்த்தாள். கேட்க வேண்டியவரோ காது கொடுக்கிற நிலையில் இல்லை. பிள்ளைக்காகச் சொன்ன பொய்யை நம்பியதுதான் அவள் செய்த குற்றம் என்றால், அதற்கு யாரோடு சண்டை போடுவது? செத்தவரோடும் முடியாது, தாலி அறுக்கப் போகிறவளோடும் முடியாது. டீயைத் தொடாமல் போன அந்த மனிதரிடம் போட்டிருக்கலாம். அவரோ மாலை வாங்கி வந்திருந்தார்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். குளிப்பாட்டும்போது அவள்தான் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அப்பாவின் வலது கை கட்டை விரலும் சுட்டு விரலும் ஊசியைப் பிடித்தே கொஞ்சம் உள்நோக்கி வளைந்திருந்தன. கொட்டுக்காரர்கள் முன்னால் போக, பாடை தெருமுனையில் இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் மேலத்தெரு வழியாகப் போனால் சுடுகாட்டுப் பாதைக்கு ஐந்து நிமிஷம். ஓடையைச் சுற்றிப் போனால் அரை மணி. திரும்பும்படி யாரும் சொல்லவில்லை. பாடை தானாகத் திரும்பியது.

பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். குஞ்சம்மாள் அப்பா படுத்திருந்த பாயையும் தலையணையையும் பின்னாலேயே கொடுத்தனுப்பச் சுருட்டினாள். பாய்க்கு அடியிலிருந்து ஒரு தாள் விழுந்தது.

"இந்தா, உன் காயிதம்" என்று ஈரக் கையோடு எடுத்து நீட்டினாள்.

அவளுடைய தாள்தான். அவளுடைய கையெழுத்தில், அனைவருக்கும் என் கையாலேயே என்ற அந்த வரி. கீழே கையெழுத்துக்கு விட்ட இடம் அப்படியே காலியாக இருந்தது. நான்கு நாள் இழுத்தடித்துவிட்டுப் போட்டிருக்கவில்லை. கசக்கப் போனவள், மறுபக்கத்திலிருந்து மை ஊறித் தெரிவதைப் பார்த்துத் திருப்பினாள்.

அப்பாவின் குண்டு குண்டான எழுத்து. நடுக்கத்தில் வரிகள் ஏறி இறங்கின. மேலே "மேலத்தெரு" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அதற்குக் கீழே வரிசையாக:

1. வாசல்.

2. வாசல்.

3. வாசல். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

4. வாசல்.

5. வாசல். நோட்டை மட்டும் வாங்கிப் பார்த்தார். தண்ணீர் தெளித்துத் திருப்பிக் கொடுத்தார்.

6. வாசல்.

அப்படியே போயிற்று. ஒவ்வொரு வீட்டுக்கும் எண், எண்ணுக்கு எதிரில் அந்த ஒற்றைச் சொல். சில இடத்தில் தேதியும் இருந்தது. அவள் மூன்று வருஷமாகக் கேட்ட தேதிகள். இன்னும் முடிக்கல என்று அவர் சொன்னது இதைத்தான்.

பதினேழாவதோடு நின்றிருந்தது.

17. வைரக்கண்ணு வீடு. வாசல். அந்தப் பெண் தானாகவே கையை நீட்டியது. தாயார் உள்ளே இழுத்துக்கொண்டார்.

அதற்குக் கீழே பேனாவை ஊன்றிய புள்ளி ஒன்று. பதினெட்டு என்ற எண்கூட இல்லை.

"அம்சு" என்று உள்ளேயிருந்து வேம்பு கூப்பிட்டாள். "மரத்தடியில டீக்கடை டம்ளர் கெடக்கு பாரு. கழுவிக் குடுத்துரு. அப்புறம் காணோம்பாங்க."

அவள் தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள். கொட்டுச் சத்தம் ஓடைப் பக்கம் வளைந்து தேய்ந்துகொண்டிருந்தது. இரும்பு நாற்காலி மேலத்தெருவைப் பார்த்தபடி கிடந்தது. பக்கத்துக் கல்லின் மேல் டம்ளரில் டீ ஊற்றியது ஊற்றியபடியே இருந்தது. மேலே ஆடை படிந்திருந்தது.